சொல்லுக்குச் சான்று கேட்ட வையாபுரிப்பிள்ளை

இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படித்தபோது, தமிழ்மொழிப் பாடத்தில் என் பாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் சீவியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், கித்தாக் காட்டில் நிரை பிடித்து, காண்டாவில் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் சுமந்து வந்த கதையை அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன்.

கட்டுரை திரும்பி வந்தது. ‘பெரட்டு’, ‘கித்தா’, ‘காண்டா’ ஆகிய மூன்று சொற்களின் மேலும் சிவப்பு மையில் கோடு. இவை தமிழ்ச் சொற்கள் அல்ல, அகராதியில் உள்ள சொற்களை எழுத வேண்டும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. திருத்தியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தேர்வில் மதிப்பெண் போய்விடக்கூடாது என்ற அக்கறையில்தான் செய்தார். ஆனால் அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது, பாட்டியின் காலைப்பொழுதே கட்டுரையில் இல்லாமல் போயிருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு வந்துகொண்டே இருந்தது. அகராதிக்குள் எந்தச் சொல் போகலாம், எது போகக்கூடாது என்று முடிவு செய்பவர் யார்? எதை வைத்து முடிவு செய்கிறார்?

ஐந்து ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்க வந்த பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது. பதிலைச் சொன்னவர் இன்று உயிரோடு இல்லை. 1956ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் பெயர் ச. வையாபுரிப்பிள்ளை.

கணினிக்கு முன்பே ஒரு தரவகம்

மொழியியல் மாணவர்களுக்கு இப்போது ‘தரவகம்’ என்ற ஒரு பகுதியைக் கட்டாயம் சொல்லித் தருகிறார்கள். ஒரு மொழியில் மக்கள் உண்மையிலேயே எழுதியதையும் பேசியதையும் பெருமளவில் சேர்த்து, எங்கிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு ஒழுங்குபடுத்தி வைத்த சேமிப்புதான் தரவகம். ஒரு சொல்லின் பொருள் என்ன என்று மூளையைக் கசக்கிக்கொண்டு உட்காராமல், அந்தச் சொல் வரும் வாக்கியங்களையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். 1960களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பத்து லட்சம் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கணினிக்காகத் தொகுக்கப்பட்ட தரவகத்தை இத்துறையின் முன்னோடியாகச் சொல்வார்கள். நம் நாட்டில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா மலாய்மொழிக்கு இப்படி ஒரு தரவகத்தை வைத்திருக்கிறது.

என் முதல் பயிற்சியில் சில தமிழ்க் கட்டுரைகளை மடிக்கணினியில் ஏற்றி, பைத்தான் நிரல் ஒன்றை எழுதி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். சில வினாடிகளில் பட்டியல் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது. கூர்ந்து பார்த்தபோது அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது. ‘மரம்’, ‘மரத்தை’, ‘மரத்துக்கு’, ‘மரமும்’ ஆகியவற்றை நிரல் நான்கு வெவ்வேறு சொற்களாக எண்ணியிருந்தது. ஒரே சொல்லின் வேறு வேறு வடிவங்கள்தாம் இவை என்பது தமிழ்க் குழந்தைக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கணினி இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று அறிய நூலகத்துக்குப் போனேன். தடித்தடியாக ஏழு தொகுதிகள் அலமாரியில் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். முதல் ஆறு தொகுதிகளில் 104,405 சொற்கள். 1939இல் வந்த பின்னிணைப்புத் தொகுதியில் மேலும் 13,357. மொத்தம் 117,762 சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் மனிதர்கள் கையால் எழுதி, கையால் அகர வரிசையில் அடுக்கி, சான்று தேடிச் சேர்த்திருக்கிறார்கள். தரவகம் என்ற பெயர்தான் அன்று இல்லை. வேலை அதே வேலை.

அந்த வேலையை முடித்துக் கொடுத்த பதிப்பாசிரியர்தான் வையாபுரிப்பிள்ளை.

நீதிமன்றத்திலிருந்து வந்தவர்

1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், திருநெல்வேலிப் பகுதியில் உள்ள சிக்கநரசையன்பேட்டை என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை சரவணப்பெருமாள், தாய் பாப்பம்மாள். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்காகச் சென்னை கிறித்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே தமிழில் முதன்மையாகத் தேறினார். தமிழில் சிறந்தவர் தமிழாசிரியராகத்தானே போவார் என்று நாம் நினைப்போம். அவர் சட்டம் படித்தார். திருவனந்தபுரத்திலும், பிறகு திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் செய்தார்.

பகலில் வழக்குக் கட்டுகள் என்றால் மற்ற நேரத்தில் ஏட்டுச் சுவடிகள். சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1922இல் அவர் பதிப்பித்தார். அந்த நாடகம் முதலில் வெளிவந்ததும் அவர் பிறந்ததும் ஒரே ஆண்டு. வழக்கறிஞராக இருந்துகொண்டே செய்த இப்படிப்பட்ட பணிகள்தாம் அறிஞர்கள் நடுவில் அவரை அடையாளம் காட்டின.

அவருடைய சட்டப் படிப்பு வீண்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீதிமன்றத்தில் ஒருவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சொல்வதற்குச் சான்று வேண்டும். ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சி சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுவடிக்கும் அதே நியாயம்தான். ஒரே பாட்டுக்கு மூன்று ஏடுகள் மூன்று விதமாகச் சொன்னால், எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது, எங்கே கை தவறியது என்று விசாரிக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அதனால் பாராட்டும் பெற்றார், பகையும் தேடிக்கொண்டார்.

லெக்சிகன் பணி

தமிழுக்குப் பெரிய அகராதி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முந்தியது. 1862இல் வந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அதன் பிறகு உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் பழந்தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு. அச்சான ஒவ்வொரு நூலோடும், பழைய அகராதிகளில் இல்லாத சொற்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. புதிய அகராதிக்குத் தேவை அப்படித்தான் பிறந்தது.

1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் பணி தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில், ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்பது தொடக்கக் கணக்கு. முடிந்தபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கும் இதே கதிதான். 1857இல் பேச்சு எழுந்து, முதல் பதிப்பு 1928இல்தான் முழுமையடைந்தது. ஒரு மொழியின் சொற்களை எண்ணத் தொடங்கியவர்கள் யாரும் சொன்ன நாளில் முடித்ததில்லை போலும்.

லெக்சிகனின் முதல் பகுதி 1924இல் அச்சாகியது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பு வையாபுரிப்பிள்ளையிடம் வந்தது. தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் தொடக்கம் முதலே பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவோடு சேர்ந்து பத்து ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்து, 1936இல் ஆறாம் தொகுதியை அவர் முடித்தார். அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

லெக்சிகனில் ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதலில் தமிழில் சொல். அடுத்து உரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பு. பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்ற குறிப்பு. எந்தச் சொல்லிலிருந்து வந்தது, மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு உறவு உண்டா என்ற விவரம். பிறகு பொருள் ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. கடைசியாக, அந்தப் பொருளில் அந்தச் சொல் எந்த நூலில், எத்தனையாவது பாட்டில் வருகிறது என்ற சான்று. சொல்லுக்கு நான்கு பொருள் இருந்தால் நான்குக்கும் தனித்தனியே தேட வேண்டும். நான் நிரல் எழுதித் தடுமாறிய இடத்தை, அதாவது ‘மரத்துக்கு’ என்பதை ‘மரம்’ என்ற தலைச்சொல்லின் கீழ் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை, அந்தப் பண்டிதர்கள் மனத்தாலேயே லட்சக்கணக்கான முறை செய்திருக்கிறார்கள்.

என்னை நிறுத்தி வைத்தது இன்னொன்று. நூல்களில் வராத, பேச்சில் மட்டும் வழங்கும் சொற்களையும் லெக்சிகன் ஒதுக்கவில்லை. அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. இது யாழ்ப்பாண வழக்கு, இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில் நாட்டு வழக்கு, இது பேச்சு வழக்கு என்று பக்கத்திலேயே சிறு குறி இருக்கும். மலாய் வகுப்பில் காமுஸ் டேவானைப் புரட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கிளந்தான் சொல்லுக்கும் கெடா சொல்லுக்கும் அதிலும் குறி உண்டு. வட்டார வழக்கு என்று குறி போடுவது வேறு, அது மொழியே இல்லை என்று சிவப்புக் கோடு போடுவது வேறு. படிவம் மூன்றில் எனக்குத் தெரியாமல் போன பதில் இதுதான். ஒரு சொல் தமிழ்ச்சொல்லா என்பது அதன் அழகையோ பிறப்பையோ மட்டும் பார்த்து முடிவாவதில்லை. தமிழ் பேசுவோர் அதை வழங்கினார்கள் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். யார், எங்கே, எந்தப் பொருளில் என்ற சான்று.

பாட்டி தினமும் சொல்லும் ‘கங்காணி’ லெக்சிகனில் இருந்தது. கண், காண் என்ற இரண்டிலிருந்தும் பிறந்த சொல். மேற்பார்ப்பவன் என்று பொருள். அந்த நூலகத்தில் அன்று உறவினர் ஒருவரைச் சந்தித்தது போல் இருந்தது.

ஒரே காலத்தில் இரண்டு பயணங்கள்

இங்கே ஆண்டுகளைக் கொஞ்சம் அருகருகே வைத்துப் பாருங்கள். லெக்சிகன் பணி 1913இல் தொடங்கி 1939இல் பின்னிணைப்போடு முடிகிறது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும் முறை உச்சத்துக்கு வந்தது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. ஏறக்குறைய அதே கால் நூற்றாண்டு. கோல சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நடப்பட்ட 1917ஆம் ஆண்டும் அதற்குள்தான் வருகிறது.

சென்னையில் பண்டிதர்கள் சொற்களைச் சீட்டுகளில் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதே நாள்களில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயோடு வந்த சொற்கள் இங்கே மலாயோடும் ஆங்கிலத்தோடும் பழகி வேறு உருவம் எடுத்தன. மலாயில் மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ தோட்டத்தில் ‘கித்தா’ ஆனது. அதே மலாய்ச்சொல்தான் ஆங்கிலத்தில் ‘கட்டா பெர்ச்சா’ என்ற பெயரிலும் இருக்கிறது. தோள்கம்பில் சுமப்பதைச் சொல்லும் மலாய்ச்சொல் ‘கண்டார்’. நாசி கண்டார் சாப்பிடும் யாருக்கும் தெரிந்த சொல். தோட்டத்தில் பால் வாளி சுமக்கும் கம்புக்கு அது ‘காண்டா’. காலை உணவை இன்றும் நாம் ‘பசியாறுதல்’ என்கிறோம். தமிழ்நாட்டு நாளிதழ்களை மட்டும் வைத்து ஒரு தரவகம் கட்டினால், ‘பசியாறிவிட்டாயா’ என்ற கேள்வி காலையில் மட்டும்தான் கேட்கப்படும் என்பதைக் கணினி ஒருபோதும் கண்டுபிடிக்காது.

சென்னை மேசைக்கு வந்த சீட்டுகளில், கடல் கடந்து போன இந்தப் பேச்சை எழுதி அனுப்ப இங்கே ஆள் இல்லை. மரம் சீவப் போனவர்களுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது?

கசப்பான முடிவுகள்

லெக்சிகன் முடிந்த 1936இலேயே வையாபுரிப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் தலைவரானார். 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது அவர் செய்த பெரும் பணி 1940இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பு. எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் நூல் வாரியாக அடுக்காமல் புலவர் வாரியாக அடுக்கினார். கபிலர் பாடியவை எல்லாம் ஓரிடத்தில், ஔவையார் பாடியவை எல்லாம் ஓரிடத்தில். சங்கப் பாடல்கள் 2,381 என்றும், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்றும் நாம் படிக்கிறோம் அல்லவா? அப்படி ஒரு கணக்கு கைக்கு வர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து அடுக்க வேண்டும். ஒரே தரவை வேறு வரிசையில் அடுக்கினால் வேறு கேள்வி கேட்கலாம் என்று இன்று எங்களுக்குக் கணினி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அவர் அதைக் காகிதத்தில் செய்து காட்டினார்.

அடுத்து அவர் கை வைத்த இடம்தான் நெருப்பு. நூல்களின் காலம். ஒரு நூலில் என்னென்ன சொற்கள் புதிதாக வருகின்றன, இலக்கண வடிவங்கள் எப்படி மாறியிருக்கின்றன, வடமொழிச் சொற்களும் கருத்துகளும் எவ்வளவு என்று பார்த்து அவர் காலம் கணித்தார். இவ்வகை ஆய்வுக்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். ‘கள்’ என்ற பன்மை விகுதியைத் தொல்காப்பியம் அஃறிணைக்கு உரியதாகச் சொல்கிறது. திருக்குறளிலோ ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என்று மனிதர்களுக்கும் அது வந்துவிடுகிறது. மொழி மாறியிருக்கிறது, ஆகவே இடையில் காலம் சென்றிருக்கிறது என்று இதை வைத்து வாதிடலாம்.

இந்த வழியில் போய், தொல்காப்பியம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு, திருக்குறள் சுமார் கி.பி. 600, சிலப்பதிகாரம் சுமார் கி.பி. 800 என்று அவர் முடிவு கட்டினார். தமிழின் தொன்மையைப் பெருமையாகப் பேசிய காலம் அது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. தமிழைத் தாழ்த்துகிறார், வடமொழிக்குச் சார்பானவர் என்று அவரை ஏசினார்கள். லெக்சிகனும் தப்பவில்லை. நல்ல தமிழ்ச்சொற்களை வடமொழியிலிருந்து வந்ததாகக் காட்டிவிட்டது என்று தேவநேயப் பாவாணர் அதைக் கடுமையாகச் சாடினார். சொற்பிறப்புக்கு முதலிடம் தரும் வேறொரு பேரகரமுதலியை உருவாக்கும் பொறுப்பை 1974இல் பாவாணரே ஏற்றார்.

வையாபுரிப்பிள்ளை சொன்னது எல்லாம் சரியா? இல்லை என்றுதான் பின்வந்த ஆய்வாளர் பலர் நினைக்கிறார்கள். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அவருடைய உழைப்பை மதித்தவர். அவரும்கூடக் குறளையும் சிலம்பையும் வையாபுரிப்பிள்ளை சொன்னதற்கு முந்திய காலத்திலேயே வைத்தார். எங்கே சறுக்கல் நேர்ந்தது என்பதை ஒரு மாணவனாக நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நம் கைக்கு வந்த நூல்களில் ஒரு சொல் முதன்முதலாக எப்போது தென்படுகிறது என்பது, அந்தச் சொல் பிறந்த நாள் ஆகாது. அதற்கு முன்னும் பேச்சில் இருந்திருக்கலாம், அழிந்துபோன ஏடுகளில் இருந்திருக்கலாம். வலையில் அகப்படாத மீன் கடலிலேயே இல்லை என்று பாசிர் பெனம்பாங் மீனவர் யாரும் சொல்லமாட்டார். வலைக்கண் பெரிதாக இருந்திருக்கலாம் அல்லவா?

ஆனாலும் அவரிடம் நான் மதிப்பது ஒன்றுண்டு. தமக்குப் பிடித்த முடிவைத் தேடி அவர் சான்று பொறுக்கவில்லை. கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தும், தம் முன்னால் இருந்த சான்று காட்டிய திசையிலேயே போனார். சான்றுகளை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான், பின்வந்தவர்களால் அவரோடு அதே சான்றுகளை வைத்துக்கொண்டு வழக்காட முடிந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னவரை யாராலும் திருத்த முடியாது.

1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ‘சொற்களின் சரிதம்’ என்று தனியாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1956 பிப்ரவரி 17ஆம் நாள் காலமானார். அவர் சேர்த்த நூல்கள் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. அவருடைய லெக்சிகன் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதிகளில் ஒன்று. கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் சான்றோடு வந்து நிற்கிறது.

என் சீட்டுகள்

இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்காக நானும் சீட்டு எழுதத் தொடங்கினேன். கணினியில் ஓர் அட்டவணைதான், ஆனால் அதைச் சீட்டு என்றே சொல்லிக்கொள்கிறேன். சொல், பொருள், சொன்னவரின் வயது, தோட்டம், நாள், அந்தச் சொல் வந்த முழு வாக்கியம். விடுமுறையில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் என்று போய், பழைய பால்மரத் தொழிலாளர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயரை எழுதவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. மரத்தில் பால் வடியும் கிண்ணத்தைத் தோட்டத்தில் ‘மங்கு’ என்பார்கள். மலாயில் கிண்ணத்துக்கு ‘மங்குக்’. ஆகவே மலாயிலிருந்து வந்தது என்று மளமளவென்று எழுதிவிட்டேன். பிறகுதான், செட்டிநாட்டில் பீங்கான், எனாமல் பாத்திரங்களை ‘மங்குச் சாமான்’ என்பார்கள் என்று தெரிய வந்தது. இந்தச் சொல் தோட்டத்திலேயே மலாயிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதா, செட்டியார்களின் கடல் வணிகத்தோடு வந்ததா? என் அழகான ஊகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். வையாபுரிப்பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பாடம் வலித்தது. எங்கள் பாட்டி வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு தாத்தா இருந்தார். கங்காணி காலத்துக் கதைகளை அவர் அப்பா சொல்லக் கேட்டவர். மரம் சீவும் உளியின் ஒவ்வொரு பகுதிக்கும், பட்டையில் ஏற்படும் ஒவ்வொரு காயத்துக்கும் அவரிடம் தனித்தனிச் சொல் உண்டு என்று பாட்டி சொல்வார். தேர்வு முடியட்டும், வந்து உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தேர்வு முடிந்து வந்தபோது அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தச் சொற்கள் எவை என்று இனி எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏட்டுச் சுவடியைக் கரையான் தின்பது பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் புரிந்தது.

தோட்டங்கள் கைமாறிவிட்டன. கித்தாக் காடுகள் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. லயத்தில் ஒன்றாக இருந்தவர்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனிக் குறிப்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் வழக்குகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டுமென்றால், கேட்பவர்கள் கையில் சான்று வேண்டும். அதைச் சேர்க்கக்கூடியவர்கள், தோட்டத்துத் தமிழும் மலாயும் இரண்டும் தெரிந்த நம் தலைமுறையினர்தாம். நமக்கு அடுத்த தலைமுறைக்குக் கேட்பதற்குப் பாட்டிமார் இருக்கமாட்டார்கள்.

நண்பர்களே, இதற்குப் பட்டம் தேவையில்லை. இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். உங்களுக்குப் புரியாத முதல் சொல்லை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அவர் சொன்ன வாக்கியம், ஊர், நாள். உங்கள் ஊகத்தை வேறாக எழுதி, கேள்விக்குறி போடுங்கள்.

போன மாதம் பாட்டிக்கு என் அட்டவணையைக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ‘பெரட்டு’ என்ற சொல்லில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். இதையெல்லாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நான் இதுவரை கேட்டிராத இன்னொரு சொல்லைச் சொன்னார். அதற்கும் ஒரு சீட்டு எழுதிவிட்டேன்.